128 த்ரெட் சர்வரில் எஸ்எஸ்டி மந்தமாக ஓடினால்: காரணத்தைப் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

பழைய சர்வரில் 40 நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்த இரவு வேலை ஒன்று, புது சர்வருக்கு மாற்றிய அன்று 55 நிமிடம் எடுத்தது. பழையது 8 கோர், சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் எஸ்எஸ்டி. புதியது இரண்டு சாக்கெட் (சிபியு செருகும் இடம்), 64 கோர், 128 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள்), பிசிஐஇ வழியாக சிபியுவோடு பேசும் நான்கு என்விஎம்இ டிஸ்க். பணம் ஒதுக்கியவர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. டிஸ்க்கில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, விற்றவருக்குக் கடிதம்கூட எழுதிவிட்டேன். அனுப்பும் முன் ஒரு தடவை அளந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. டிஸ்க் பெரும்பாலான நேரம் சும்மா இருந்தது. அதனிடம் யாரும் வேலையே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பார்த்த இதே மாதிரிப் புகார்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். சுங்கச்சாவடியில் பன்னிரண்டு வாயில் திறந்திருக்கிறது, வருவதோ ஒற்றை லாரி. இன்னும் இரண்டு வாயில் கட்டி என்ன பயன்? ஆகவே இந்த வழிகாட்டியில் டிஸ்க்கை முதலில் சந்தேகப்படப் போவதில்லை. கோரிக்கை டிஸ்க் வரை போய்ச் சேருகிறதா, எந்த வழியாகப் போகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போவோம். லினக்ஸ் சர்வர், என்விஎம்இ டிஸ்க் என்று வைத்துக்கொள்கிறேன். கருவிகள் எல்லாம் வழக்கமானவையே: ஐஓஸ்டாட் (டிஸ்க் கணக்கு), எம்பிஸ்டாட் (சிபியு கணக்கு), எல்எஸ்பிசிஐ (பிசிஐஇ சாதனப் பட்டியல்), என்விஎம்இ-சிஎல்ஐ (டிஸ்க்கின் உள்விவரம்), பெர்ஃப் (சிபியு நேரம் எங்கே போகிறது), அப்புறம் ஃபியோ (டிஸ்க் வேகச் சோதனை).

முதல் படி: புகாரை எண்ணாக மாற்றுங்கள்

"ஸ்லோவா இருக்கு" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வினாடிக்கு எத்தனை எம்பி நகர்கிறது என்பது ஒரு கேள்வி. வினாடிக்கு எத்தனை கோரிக்கை முடிகிறது, அதாவது ஐஓபிஎஸ், என்பது வேறு கேள்வி. ஒரு கோரிக்கை போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பது மூன்றாவது. பெட்டியில் அச்சடித்திருப்பது முதல் இரண்டின் உச்சம். உங்கள் பயன்பாட்டுக்கு வலிப்பது பெரும்பாலும் மூன்றாவது.

இந்த மூன்றையும் கட்டிப்போடுவது 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி. நிலுவையில் இருக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கையை ஒரு கோரிக்கைக்கு ஆகும் நேரத்தால் வகுத்தால், வினாடிக்கு எத்தனை முடியும் என்பது வந்துவிடும். இன்றைய டிஎல்சி நாண்ட் (ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் ஃபிளாஷ் நினைவகம்) டிஸ்க் ஒரு 4 கேபி துண்டைத் தற்போக்காகப் படித்துத் தர சுமார் 90 மைக்ரோ வினாடி எடுக்கிறது என்று கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோரிக்கை போட்டால், வினாடிக்கு ஏறக்குறைய 11,000 கோரிக்கை முடியும். அதை 4 கேபியால் பெருக்கினால் 45 எம்பி. ஆம், 7,000 எம்பி என்று விளம்பரப்படுத்திய டிஸ்க்கில் 45 எம்பி. இதில் எந்தக் கோளாறும் இல்லை. அதே டிஸ்க்கிலிருந்து 8 லட்சம் ஐஓபிஎஸ் வேண்டுமென்றால் குறைந்தது 72 கோரிக்கைகள் எப்போதும் நிலுவையில் இருக்க வேண்டும். நெருக்கடியில் ஒவ்வொன்றின் தாமதமும் ஏறும் என்பதால், நடைமுறையில் இன்னும் நிறையவே வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இதற்குத்தான் திரும்ப வருவோம்.

இரண்டாம் படி: டிஸ்க்குக்கு வேலை போகிறதா?

மந்தம் நிகழும் அந்த நேரத்திலேயே ஐஓஸ்டாட்டை விரிவான வெளியீட்டில், ஒரு வினாடி இடைவெளியில் ஓட விடுங்கள். முதலில் வரும் கணக்கு சர்வர் கிளம்பிய நாளிலிருந்து எடுத்த சராசரி. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்தவற்றைப் பாருங்கள். மூன்று பத்திகள் போதும்: வினாடிக்கு எத்தனை படிப்பு, ஒவ்வொன்றுக்கும் சராசரி காத்திருப்பு எவ்வளவு, சராசரி கியூ நீளம், அதாவது நிலுவையில் உள்ள கோரிக்கைகளின் எண்ணிக்கை, என்ன.

கியூ நீளம் 1-ஐ ஒட்டி இருந்து, காத்திருப்பும் 0.1 மில்லி வினாடிக்குப் பக்கத்தில் இருந்தால் டிஸ்க் நலமாக இருக்கிறது. உங்கள் நிரல்தான் ஒவ்வொன்றாகக் கேட்கிறது. நேரே கடைசிப் படிக்குப் போகலாம், ஆனால் போகும் வழியில் ஐந்தாம் படியைப் படித்துவிட்டுப் போங்கள். கியூ நீளம் 500, காத்திருப்பு 5 மில்லி வினாடி என்றால், லிட்டில் கணக்குப்படி வினாடிக்கு ஒரு லட்சம் முடிகிறது. அந்த டிஸ்க்குக்கு ஒரு லட்சம் குறைவா அதிகமா என்பதை நான்காம் படி சொல்லும். கியூ நீளம் 2 மட்டுமே, காத்திருப்போ 5 மில்லி வினாடி என்றால் இங்கே உண்மையிலேயே ஏதோ கெட்டிருக்கிறது. வன்பொருளைப் பார்க்க வேண்டும்.

அதே திரையில் இரண்டு பொய்சொல்லிகள் உண்டு. ஒன்று, கடைசிப் பத்தியில் வரும் பயன்பாட்டுச் சதவீதம். குறைந்தது ஒரு கோரிக்கையாவது நிலுவையில் இருந்த நேரம் எவ்வளவு என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஒரே முள்ளால் படித்த பழைய சுழலும் டிஸ்க்குக்கு அது பொருந்தும். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் வேலை செய்யும் எஸ்எஸ்டியில் அந்த இடத்தில் 100 என்று வந்தாலும், டிஸ்க்கின் திறனில் இருபதில் ஒரு பங்குகூடப் பயன்படாமல் இருக்கலாம்.

இரண்டாவது ஐஓவெயிட், அதாவது டிஸ்க்குக்காகக் காத்து சிபியு சும்மா நின்ற நேரத்தின் சதவீதம். கோர் கூடக்கூட இது அர்த்தம் இழந்துகொண்டே போகும். 128 த்ரெட் உள்ள சர்வரில் ஒரே ஒரு நிரல் தன் முழு நேரத்தையும் டிஸ்க்குக்காகக் காத்தே கழித்தாலும், மொத்தக் கணக்கில் ஐஓவெயிட் 0.8 சதவீதத்தைத் தாண்டாது. "ஐஓவெயிட் ஒரு சதவீதம்கூட இல்லை, டிஸ்க் பிரச்சினை இல்லை" என்று சொல்பவர்களிடம் இந்த வகுத்தலைக் காட்டுங்கள். அதற்குப் பதிலாக கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 4.20 முதல் இருக்கும் பிரஷர் கணக்கைப் பாருங்கள். ப்ராக் அடைவுக்குள் பிரஷர் என்ற உறையில் ஐஓ என்ற கோப்பு இருக்கும். எத்தனை சதவீத நேரம் ஏதாவது ஒரு பணியாவது டிஸ்க்குக்காகத் தேங்கி நின்றது என்பதை அது நேராகச் சொல்கிறது.

மூன்றாம் படி: கம்பியும் சூடும்

இது பத்து நிமிட வேலை. ஆனால் இதைச் செய்யாமல் மூன்று நாள் ட்யூனிங் செய்தவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒருமுறை செய்திருக்கிறேன்.

எல்எஸ்பிசிஐ-யை ரூட்டாக, கூடுதல் விவரத்துடன் ஓட்டி, டிஸ்க்கின் இணைப்புத் திறன், இணைப்பு நிலை என்ற இரண்டு வரிகளை ஒப்பிடுங்கள். முதலாவது டிஸ்க்கால் முடிந்தது. இரண்டாவது இப்போது உண்மையில் கிடைத்திருப்பது. பிசிஐஇ மூன்றாம் தலைமுறையில் நான்கு லேன் (தரவு ஓடும் தடம்) சேர்ந்து வினாடிக்கு சுமார் 3.9 ஜிபி தரும். நான்காம் தலைமுறையில் 7.9, ஐந்தாவதில் 15.8. நிலை வரியில் "டவுன்கிரேடட்" என்ற சொல் தெரிந்தால், நான்கு லேனுக்குப் பதில் இரண்டோ, 16 ஜிடிக்குப் (லேனின் வேக அலகு) பதில் 8 ஜிடியோதான் கிடைத்திருக்கிறது. காரணங்கள் அனேகமாக எளியவை: ரைசர் அட்டை (ஸ்லாட்டை நீட்டுவது) பழைய தலைமுறை, பேக்பிளேன் (டிஸ்க்குகள் செருகும் பலகை) கேபிள் சரியாக உட்காரவில்லை, பயாஸில் ஸ்லாட்டைப் பிரிக்கும் அமைப்பு தவறு. டிஸ்க்கின் வரி சரியாக இருந்தாலும், அதற்கு மேலே உள்ள பிரிட்ஜின் வரியையும் பாருங்கள். எட்டு டிஸ்க் ஒரு பிசிஐஇ ஸ்விட்சுக்குப் பின்னால் இருந்து, அந்த ஸ்விட்ச் 16 லேனில்தான் சிபியுவோடு பேசுகிறது என்றால், எல்லாம் சேர்ந்து ஓடும்போது ஆளுக்குப் பாதிதான்.

அடுத்து கர்னல் பதிவு. சரிசெய்யப்பட்ட பிசிஐஇ பிழைகள் என்று வரிசையாக வந்தால் அந்தக் கேபிளை மாற்றுங்கள். "டைம்அவுட், கம்ப்ளீஷன் போல்ட்" என்று முடியும் வரி வந்தால் கவனம் தேவை. டிஸ்க் வேலையை எப்போதோ முடித்துவிட்டது, ஆனால் முடித்த செய்தியைச் சொல்லும் இன்டரப்ட் வந்து சேரவில்லை. காத்துக் காத்துப் பார்த்த கர்னல் தானே போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறது. என்விஎம்இ டிரைவரின் இயல்பான காலக்கெடு 30 வினாடி. எனவே "எப்போதாவது சரியாக அரை நிமிடம் உறைந்து நிற்கிறது" என்று யாராவது சொன்னால், மற்றதை விட்டுவிட்டு முதலில் இந்த வரியைத் தேடுங்கள்.

கடைசியாக என்விஎம்இ-சிஎல்ஐ தரும் ஸ்மார்ட் பதிவு, அதாவது டிஸ்க் தன் நலம் பற்றி வைத்திருக்கும் கணக்கு. வெப்பநிலை, எச்சரிக்கை வெப்பநிலையில் கழிந்த நிமிடங்கள், தேய்மானச் சதவீதம், மிச்சமிருக்கும் உதிரி இடம். சூடு ஏறிய டிஸ்க் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். முதல் இரண்டு நிமிடம் பறந்துவிட்டுப் பிறகு பாதியாக விழும் டிஸ்க் என்றால் ஒன்று சூடு, இல்லையென்றால் எஸ்எல்சி கேஷ் (எழுத்தை வேகமாக வாங்கி வைக்கும் பகுதி) தீர்ந்திருக்கிறது. எழுதும்போது மட்டும் விழுந்தால் கேஷ். படிக்கும்போதும் விழுந்தால் சூடு என்று சந்தேகிக்கலாம்.

நான்காம் படி: வெறும் டிஸ்க்கை அளப்பது

இப்போது ஃபியோ. லினக்ஸின் பிளாக் அடுக்கைப் (டிஸ்க் கோரிக்கைகளைக் கையாளும் பகுதி) பராமரிக்கும் யென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய கருவி. தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை: டிஸ்க்கின் மேல் நேரடியாக எழுதும் சோதனை ஓட்டினால் உள்ளே இருக்கும் தரவு போய்விடும். கேள்வி கேட்காது, உறுதியா என்று விசாரிக்காது. ஓடும் சர்வரில் படிக்கும் சோதனை மட்டும் செய்யுங்கள், அதிலும் ரீட்ஒன்லி என்ற விருப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் மூன்று சோதனைகளை இந்த வரிசையில் ஓட்டுவேன். மூன்றிலும் 4 கேபி தற்போக்குப் படிப்பு, பேஜ் கேஷைத் (டிஸ்க் தரவின் நினைவக நகல்) தவிர்க்கும் டைரக்ட் அமைப்பு, எஞ்சின் (கோரிக்கை அனுப்பும் முறை) ஐஓ-யூரிங் அல்லது லிபஏஐஓ, நேரம் 60 வினாடி. முதலாவதில் ஒரு ஜாப் (ஃபியோ ஓட்டும் ஒரு பணி), கியூ ஆழம் (அந்த ஜாப் ஒரே நேரத்தில் நிலுவையில் வைக்கும் கோரிக்கைகள்) 1. இது தாமதத்தை மட்டும் காட்டும். இரண்டாவதில் ஒரு ஜாப், ஆழம் 32. ஒரு கோரால் எவ்வளவு தள்ள முடிகிறது என்று தெரியும். மூன்றாவதில் 16 ஜாப், ஒவ்வொன்றிலும் ஆழம் 32. பெட்டியில் போட்ட எண்ணுக்கு அருகில் வருகிறதா என்று தெரியும்.

முதல் சோதனையில் 70 முதல் 110 மைக்ரோ வினாடிக்குள் வந்தால் சரி. இரண்டாவதில் சில லட்சம் வந்து, அந்த ஜாப்பின் சிபியு பயன்பாடு யூசர், சிஸ்டம் இரண்டும் சேர்த்து 100-ஐத் தொட்டால், முட்டிக்கொண்டிருப்பது டிஸ்க் இல்லை, அந்த ஒற்றைக் கோர். மூன்றாவது பெட்டி எண்ணை எட்டிவிட்டால் டிஸ்க்கும் கம்பியும் குற்றமற்றவை. ஐந்தாம் படியில் தாமதத்தை மட்டும் பார்த்துவிட்டு மேலே போகலாம். மூன்றாவது எட்டவில்லை, ஆனால் ஜாப்களை 16-லிருந்து 8 ஆக்கினால் எண் கூடுகிறது என்றால் கோர்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அதுதான் ஐந்தாம் படியின் விஷயம்.

ஃபியோவில் எல்லோரும் விழும் குழிகள் சில. ஒவ்வொன்றாகக் காத்து அனுப்பும் சின்க் வகை எஞ்சினை வைத்துக்கொண்டு ஆழம் 32 என்று எழுதினால் அது 1 ஆகத்தான் ஓடும். டைரக்ட் அமைப்பை மறந்தால் நீங்கள் அளப்பது நினைவகத்தை. லிபஏஐஓ எஞ்சின் வேறு, டைரக்ட் இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகக் காத்து நிற்கும். எல்லாவற்றையும்விடச் சிரிப்பான குழி, இதுவரை எழுதப்படாத டிஸ்க்கைப் படிப்பது. ட்ரிம் ஆன (காலி என்று குறிக்கப்பட்ட) இடத்தைக் கேட்டால் கன்ட்ரோலர் (டிஸ்க்கை நடத்தும் சில்லு) நாண்டைத் தொடாமலே பூஜ்யங்களை நிரப்பிக் கொடுத்துவிடும். தாமதம் 10, 15 மைக்ரோ வினாடி என்று வந்தால் உங்களுக்கு அதிசய டிஸ்க் கிடைத்துவிட்டதாக மகிழாதீர்கள். புது டிஸ்க் என்றால், தரவு ஏதும் வைப்பதற்கு முன், முழுக் கொள்ளளவையும் வரிசையாக இரண்டு முறை எழுதி நிரப்பிவிட்டு அப்புறம் அளக்க வேண்டும். எழுதும் வேகத்துக்கும் இதே விதிதான். புது டிஸ்க்கின் முதல் ஐந்து நிமிட எழுத்து வேகத்தை வைத்துக் கொள்முதல் முடிவு எடுப்பது, கல்யாண வீட்டுச் சாப்பாட்டை வைத்துச் சமையலை எடைபோடுவது போல.

ஐந்தாம் படி: கோர்கள் கூடியதால் வரும் சிக்கல்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். சாட்டா டிஸ்க்கின் ஏஎச்சிஐ முறையில் ஒரே கியூ, அதில் 32 கட்டளை. எத்தனை கோர் இருந்தாலும் எல்லோரும் அந்த ஒற்றைக் கதவில்தான் நிற்க வேண்டும். 2011-இல் வந்த என்விஎம்இ வரையறை 65,535 கியூ வரை அனுமதிக்கிறது, கியூவுக்கு 65,536 கட்டளை வரை. லினக்ஸ் இதற்கு ஈடாகப் பல கியூ பிளாக் அடுக்கை 3.13 பதிப்பில், 2014-இல் சேர்த்தது. பழைய ஒற்றைக் கியூ வழி 2019-இல் 5.0 பதிப்போடு நீக்கப்பட்டது. கோருக்கு ஒரு கியூ, கியூவுக்கு ஓர் இன்டரப்ட், யாரும் யாரையும் இடிக்க வேண்டாம் என்பது திட்டம். திட்டம் எங்கெல்லாம் பிசகுகிறது என்று பார்ப்போம்.

கியூ எண்ணிக்கை. வரையறை 65,535 என்றாலும் உங்கள் டிஸ்க் அத்தனை தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கர்னல் பதிவில் என்விஎம்இ டிரைவர் தொடங்கும்போது இத்தனை டிஃபால்ட், இத்தனை ரீட், இத்தனை போல் கியூ என்று ஒரு வரி எழுதும். 128 த்ரெட்டுக்கு 32 கியூ என்று இருந்தால் நான்கு த்ரெட்டுக்கு ஒரு கதவு. சிஸ் உறையில் (சாதன விவரங்களை லினக்ஸ் காட்டும் இடம்) அந்த பிளாக் சாதனத்தின் கீழ் எம்க்யூ என்ற அடைவில் ஒவ்வொரு கியூவுக்கும் ஓர் எண் இருக்கும். அதனுள் எந்தெந்த சிபியு அதைப் பகிர்கின்றன என்ற பட்டியலும் இருக்கும். உங்கள் நிரலின் சுறுசுறுப்பான நான்கு த்ரெட்களும் தற்செயலாக ஒரே கியூவில் மாட்டியிருந்தால் மற்ற 31 கதவும் காலியாகக் கிடக்கும். இது அடிக்கடி நடப்பதில்லை. நடந்தால் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும்.

இன்டரப்ட். ப்ராக் அடைவில் இன்டரப்ட்ஸ் கோப்பைப் பத்து வினாடி இடைவெளியில் இரண்டு முறை எடுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். கூடவே எம்பிஸ்டாட்டை ஒவ்வொரு சிபியுவுக்கும் தனித்தனி வரியாக ஓட்டுங்கள். மொத்தச் சராசரி 3 சதவீதம் என்று அமைதியாக இருக்கும்; உள்ளே ஒரே ஒரு கோர் இன்டரப்ட் வேலையிலேயே 100-இல் வெந்துகொண்டிருக்கும். சராசரியை மட்டும் காட்டும் கண்காணிப்புத் திரைகள் இந்த அளவு பெரிய சர்வரில் பெரும்பாலும் அலங்காரப் பொருள்தான். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இன்றைய கர்னலில் என்விஎம்இ இன்டரப்ட்களைக் கர்னலே பிரித்து ஒதுக்கிக்கொள்கிறது. பழைய பாடங்களில் சொன்னபடி கையால் மாற்றி எழுதப் போனால் பிழைதான் திரும்பும். இன்டரப்ட்களைக் கோர்களுக்குப் பிரித்துத் தரும் ஐஆர்க்யூ பேலன்ஸை நிறுத்துவதாலும் தொடங்குவதாலும் இந்த இன்டரப்ட்களில் எதுவும் மாறாது.

நூமா, அதாவது எல்லா நினைவகமும் எல்லாக் கோருக்கும் ஒரே தூரத்தில் இல்லாத அமைப்பு; சேர்ந்திருக்கும் கோர்களும் அவற்றின் பக்கத்து நினைவகமும் ஒரு நோட். இரண்டு சாக்கெட் சர்வரில் ஒவ்வொரு டிஸ்க்கும் ஏதாவது ஒரு சாக்கெட்டின் பிசிஐஇ-யில்தான் தொங்குகிறது. சிஸ் உறையில் அந்த என்விஎம்இ சாதனத்தின் கீழ் நூமா-நோட் என்ற கோப்பு எந்தப் பக்கம் என்று சொல்லும். மைனஸ் 1 என்று வந்தால் பயாஸ் எதையும் தெரிவிக்கவில்லை என்று பொருள். ஏஎம்டி எபிக் சர்வர்களில் பயாஸில் என்பிஎஸ் என்ற அமைப்பை 4 ஆக வைத்திருந்தால் ஒரே சாக்கெட்டே நான்கு நோடாகத் தெரியும், குழம்ப வேண்டாம். இப்போது நூமாசிடிஎல் மூலம் சிபியுவையும் நினைவகத்தையும் முதலில் அருகிலுள்ள நோடில் கட்டி முதல் சோதனையை ஓட்டுங்கள், பிறகு தூரத்து நோடில் கட்டி ஓட்டுங்கள். சில மைக்ரோ வினாடி வித்தியாசம் இயல்பு, அதற்காக எதையும் கலைக்க வேண்டாம். மூன்றாவது சோதனையில் தூரத்து நோட் கணிசமாகக் குறைந்தால், டேட்டாபேஸை டிஸ்க் இருக்கும் பக்கமே கட்டிவைப்பது பற்றி யோசிக்கலாம். நான்கு டிஸ்க்கும் ஒரே சாக்கெட்டில் செருகியிருக்கும் சர்வர்களும் உண்டு; இரண்டிரண்டாகப் பிரித்துச் செருகினால் பாதிக் கதை அங்கேயே முடியும்.

தூக்கம். என் இரவு வேலையை அதிகம் பாதித்தது இதுதான். 128 த்ரெட்டில் ஒன்று மட்டும் வேலை செய்தால், அதுவும் 90 மைக்ரோ வினாடிக்கு ஒருமுறை காத்து நின்றால், அந்தக் காத்திருப்பில் கோர் ஆழ்ந்த சி-ஸ்டேட்டுக்கு, அதாவது மின்சாரம் சேமிக்கும் தூக்கத்துக்கு, போய்விடும். டிஸ்க் பதிலோடு வந்து தட்டினால் எழுந்து கண்ணைக் கசக்கவே பல பத்து மைக்ரோ வினாடி. கூடவே பவர்சேவ் கவர்னர் (கோரின் வேகத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு) என்றால் எழுந்த பிறகும் குறைந்த வேகத்தில்தான் நடக்கும். இதற்கு ஒரு தப்பாத அடையாளம் உண்டு: சர்வரில் வேறு சுமை கூடினால் உங்கள் வேலை வேகமாகும். முதல் சோதனையை ஓட்டிக்கொண்டே, அதே கோரில் குறைந்த முன்னுரிமையில் வெட்டியாகச் சுழலும் ஒரு நிரலைக் கட்டிவிடுங்கள். டிஸ்க் தாமதம் 130-இலிருந்து 85-க்கு இறங்கினால் டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை, தூக்கம் கலைந்திருக்கிறது. தீர்வு, ட்யூன்ட் சேவையில் லேட்டன்சி-பெர்ஃபார்மன்ஸ் என்ற சுயவிவரம். அல்லது சிபியுபவர் கருவியால் ஆழ்ந்த நிலைகளை மட்டும் தடுப்பது. மின் கட்டணம் ஏறும், சும்மா இருக்கும் கோரும் சூடாகும். எல்லா சர்வரிலும் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். டிஸ்க்கும் தூங்கும், அதன் தானியங்கி மின்சேமிப்பை அணைக்க என்விஎம்இ-கோர் மாட்யூலில் அதிகபட்சத் தாமதத்தைப் பூஜ்யமாக வைக்கும் அமைப்பு இருக்கிறது. சர்வர் வகை டிஸ்க்குகளில் இது தேவைப்படுவது அபூர்வம்.

ஐஓஎம்எம்யூ, அதாவது சாதனங்கள் நினைவகத்தின் எந்த இடத்தைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் அமைப்பு. மூன்றாவது சோதனையை ஓட்டிக்கொண்டே பெர்ஃப் டாப்பைத் திறங்கள். மேலே ஸ்பின்லாக் ஸ்லோபாத் என்ற பெயர் பெரிய சதவீதத்தோடு நின்றால், கோர்கள் ஏதோ ஒரு பூட்டுக்காகச் சண்டை போடுகின்றன. யார் அழைத்தார்கள் என்று விரித்துப் பாருங்கள். ஐஓஎம்எம்யூவின் மேப், அன்மேப் பெயர்கள் வந்தால், கர்னல் துவக்க வரியில் ஐஓஎம்எம்யூவைப் பாஸ்த்ரூவாக வைத்து மறுபடி அளக்கலாம். இதற்கு ஒரு விலை உண்டு: சர்வரின் சொந்தச் சாதனங்கள் நினைவகத்தைத் தொடுவதற்கு இருந்த கட்டுப்பாடு தளர்கிறது. பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருந்தால் அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

ஆறாம் படி: ஒவ்வொரு அடுக்காக மேலே

இனி முறை எளிது. அதே சோதனையை வெறும் டிஸ்க்கில், பிறகு ரெய்டில் (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் அடுக்கு), பிறகு குறியாக்க அடுக்கில், பிறகு ஃபைல்சிஸ்டத்தில் உள்ள ஒரு பெரிய கோப்பில் ஓட்டுங்கள். எந்த அடுக்கில் எண் சரிகிறதோ அங்கே நின்றுவிடுங்கள்.

பிளாக் ஷெட்யூலர் (கோரிக்கைகளை வரிசைப்படுத்துவது) என்விஎம்இக்கு "நன்", அதாவது எதுவும் இல்லை, என்றிருக்க வேண்டும். யாரோ எங்கிருந்தோ நகலெடுத்த விதியால் பிஎஃப்க்யூ என்ற ஷெட்யூலர் ஏறியிருந்தால் எடுத்துவிடுங்கள். டிஎம்-கிரிப்ட் குறியாக்கம் கோரிக்கைகளை வொர்க்கியூவில் (கர்னலின் பின்னணி வேலை வரிசை) போட்டுப் போட்டு எடுக்கும். சுழலும் டிஸ்க் காலத்தில் அது கெட்டிக்காரத்தனம், இப்போது வெறும் தாமதம். கர்னல் 5.9 முதல் படிப்புக்கும் எழுத்துக்கும் தனித்தனியாக அந்த வொர்க்கியூவைத் தவிர்க்கும் கொடிகள் வந்துவிட்டன. மென்பொருள் ரெய்டு 5, 6-இல் இயல்பாக எழுதும் வேலை முழுவதும் ஒரே கர்னல் த்ரெட்டில்தான் நடக்கும். 64 கோர் சர்வரில் ஒற்றை த்ரெட் 100 சதவீதத்தில் நிற்பதை டாப்பிலேயே பார்க்கலாம். எம்டி (மென்பொருள் ரெய்டு) சாதனத்தின் கீழ் குரூப் த்ரெட் எண்ணிக்கை என்ற கோப்பு பூஜ்யமாக இருக்கும், அதை 4 அல்லது 8 ஆக்கிப் பாருங்கள். என் கருத்தைக் கேட்டால், என்விஎம்இயில் டேட்டாபேஸுக்கு ரெய்டு 10 போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

நினைவகம் பெரிதாக இருப்பதே ஒரு சிக்கல். டிஸ்க்குக்குப் போகாமல் நினைவகத்தில் தேங்க அனுமதிக்கும் அழுக்குப் பக்கங்களின் அளவு சதவீதத்தில் வைக்கப்பட்டிருக்கிறது: பின்னணியில் எழுதத் தொடங்க 10, நிரலையே நிறுத்தி எழுத வைக்க 20. 512 ஜிபி நினைவகத்தில் 10 சதவீதம் என்றால் ஏறக்குறைய 50 ஜிபி. அத்தனையும் ஒரே மூச்சில் டிஸ்க் மேல் கொட்டும்போது பக்கத்தில் படித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் தவிப்பார்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும் திணறல் என்றால் இதைப் பாருங்கள். சதவீதத்துக்குப் பதில் பைட் கணக்கில், சில நூறு எம்பியிலிருந்து ஓரிரு ஜிபிக்குள் எல்லை வையுங்கள்.

எஃப்சின்க், அதாவது தரவு டிஸ்க்கில் பத்திரமாகச் சேரும்வரை நிரலைக் காக்க வைக்கும் அழைப்பு, தனிக் கதை. மின்தடைக் காப்புக் கெபாசிட்டர் உள்ள சர்வர் டிஸ்க், தரவு தன் உள் நினைவகத்துக்கு வந்ததுமே எழுதிவிட்டேன் என்று தைரியமாகச் சொல்லும். அது இல்லாத மலிவு டிஸ்க் ஒவ்வொரு எஃப்சின்க்குக்கும் நாண்ட் வரை போய் எழுதிவிட்டு வர வேண்டும். பல மில்லி வினாடி ஆகலாம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒவ்வொரு கமிட்டும் (மாற்றத்தை உறுதிசெய்வது) இதற்காகக் காத்திருக்கும். அதோடு வரும் பிஜி-டெஸ்ட்-எஃப்சின்க் கருவியை ஓட்டினால் இரண்டு நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். இதற்கு ட்யூனிங் கிடையாது. டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும்.

கன்டெய்னரில் ஓடுகிறது என்றால் சிகுரூப்பின் (நிரல்களுக்கு வரம்பு வைக்கும் லினக்ஸ் வசதி) ஐஓ-மேக்ஸ் கோப்பில் யாராவது வரம்பு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வைத்துவிட்டு மறந்திருப்பார்கள்.

ஏழாம் படி: நிரல் எப்படிக் கேட்கிறது?

கீழே எல்லாம் சரி, ஐஓஸ்டாட்டில் கியூ நீளம் மட்டும் 1-லேயே நிற்கிறது. அப்படியென்றால் நிரலின் முறை. பல அமைப்புகள் சுழலும் டிஸ்க் காலத்தில் தூங்கிப்போனவை. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் 8.0-இல், அதன் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியின் ஐஓ கொள்ளளவு இயல்பாக 200, 8.4-இல்தான் 10,000 ஆனது. போஸ்ட்கிரெஸில் ஒரே நேரத்தில் எத்தனை முன்கோரிக்கை என்பது நெடுநாள் 1 ஆகவே இருந்து, 2025-இல் வந்த 18-ஆம் பதிப்பில் 16 ஆனது. அதே பதிப்பில்தான் ஒத்திசைவற்ற படிப்பும் வந்தது. பழைய பதிப்பிலிருந்து அமைப்புக் கோப்பை அப்படியே தூக்கிவந்திருந்தால் இந்த முன்னேற்றம் எதுவும் உங்களுக்குக் கிடைக்காது.

என் இரவு வேலை எங்களுடைய சொந்த நிரல். ஒரு பதிவைப் படிக்கும், அதில் உள்ள சுட்டியை வைத்து அடுத்ததைப் படிக்கும், இப்படியே முடியும்வரை. பழைய சர்வரில் கோர் வேகம் அதிகம், எப்போதும் சுமை இருந்ததால் தூக்கமும் இல்லை. அதனால் சாட்டாவிலேயே சமாளித்தது. புதியதில் தூக்கத்தைக் கலைத்ததும், டிஸ்க் இருக்கும் சாக்கெட்டில் கட்டியதும் சேர்ந்து 55 நிமிடம் 38 ஆயிற்று. அதற்குக் கீழே எந்த அமைப்பும் கொண்டுபோகாது, லிட்டில் விடமாட்டார். சுட்டிகளை முன்கூட்டியே திரட்டி 32 த்ரெட்டுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும்படி இரண்டு நாளில் மாற்றி எழுதினோம். மூன்று நிமிடத்துக்குள் முடிகிறது.

சராசரி நன்றாக இருந்தும் பயனர்கள் புலம்பினால் பிசிசி என்ற கருவித் தொகுப்பில் உள்ள பயோலேட்டன்சியை ஓட்டுங்கள். தாமதத்தைப் படமாகக் காட்டும். ஒரே மேடு என்றால் ஒரே கதை. 100 மைக்ரோ வினாடியில் ஒரு மேடு, 4 மில்லி வினாடியில் சின்னதாக இன்னொரு மேடு என்று இரண்டு திமில் தெரிந்தால், எழுதும் வேலையோ டிஸ்க்கின் உள் சுத்திகரிப்போ படிப்பவர்களின் குறுக்கே வருகிறது. அப்போது பயோஸ்னூப், அந்த நேரத்தில் யார் எழுதினார் என்று பெயரோடு சொல்லும். பேக்கப் ஆக இருக்கும். எப்போதும் பேக்கப்தான்.

இவ்வளவுக்கும் பிறகு டிஸ்க்தான் குற்றவாளி என்று வந்தால், விற்றவரிடம் போகும்போது நான்கு விஷயங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இணைப்பு நிலை வரி, ஸ்மார்ட் பதிவு, ஃபர்ம்வேர் பதிப்பு, அதே சர்வரில் அதே ஸ்லாட்டில் இன்னொரு டிஸ்க்கைப் போட்டு ஓட்டிய மூன்று சோதனைகளின் முழு வெளியீடு. அந்தக் கடைசி ஒன்று இல்லாவிட்டால், உங்கள் சர்வர்தான் பிரச்சினை என்று பதில் வரும்.